எந்தக் கிட்டார் பகுதியை யார் வாசித்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராக் இசைத்தட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இசைப் பக்கத்தில் வந்த கட்டுரையில், கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் வரும் கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) ஜிம்மி பேஜ் வாசித்தது என்று அச்சாகியிருந்தது. அது தவறு. வாசித்தவர் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ். 1964 ஜூலையில் லண்டன் ஐபிசி ஸ்டுடியோவில் அந்தப் பாட்டு பதிவானபோது அவருக்கு வயது 17. ஒரு பையனின் கைவேலை அறுபது ஆண்டுகளாக இன்னொருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டு வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் கரகரப்பான ஓசை எப்படி வந்தது என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். டேவ் தன்னிடமிருந்த எல்பிகோ என்ற சின்ன ஆம்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) ஸ்பீக்கர் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கிழித்தார். கிழிந்த காகிதம் அதிரும்போது ஒலி சிதைந்து வரும். அந்த ஆம்பின் வெளியீட்டைப் பெரிய வாக்ஸ் ஏசி30 ஆம்புக்குள் செலுத்திப் பெருக்கினார். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் முக்கியத் துணுக்கு), சோலோ இரண்டும் இவருடையவை. தான் வாசிக்கவில்லை என்று பேஜ் பலமுறை சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் ஷெல் டால்மியும் அதையேதான் சொன்னார்.

வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. அந்த நாளில் பேஜ் லண்டனின் மிகவும் பரபரப்பான செஷன் (ஊதியத்துக்குப் பிறர் பதிவுகளில் வாசிக்கும்) கிட்டார் கலைஞர்களில் ஒருவர், டால்மி அவரை அடிக்கடி அழைப்பவர். கிங்க்ஸின் முதல் ஆல்பத்துக்கான பதிவுகளில் பேஜ் ரிதம் (பின்னணித் தாள) கிட்டார் வாசித்ததும் உண்மை. ‘யூ ரியலி காட் மீ’ பதிவிலேயே டிரம்ஸ் வாசித்தவர் பாபி கிரகாம் என்ற செஷன் கலைஞர். குழுவின் சொந்த டிரம்மர் மிக் ஏவரி டாம்பரின் தட்டினார். ‘டிரம்மரே வெளி ஆள், அப்படியானால் கிட்டாரும் வெளி ஆள்தான்’ என்று ரசிகர்கள் ஒரு படி தாவிவிட்டார்கள். பேஜ் பிற்பாடு லெட் செப்பலின் வழியாக உலகப் புகழ் அடைந்ததும் அந்தத் தாவல் வரலாறாகவே ஆகிவிட்டது.

கோளாறு கேள்வியிலேயே தொடங்குகிறது. ‘இந்தப் பாட்டில் கிட்டார் யார்?’ என்று கேட்டால் ஒற்றைப் பெயர்தான் பதிலாக வரும். பெரும்பாலான ராக் பதிவுகளில் இரண்டு முதல் ஆறு கிட்டார் பகுதிகள் இருக்கும். ரிஃப், ரிதம், இடையில் நிரப்பும் சிறு துணுக்குகள், சோலோ, அந்தச் சோலோவின் இரட்டிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதே டால்மி தயாரித்த த ஹூ குழுவின் ‘ஐ கான்ட் எக்ஸ்பிளெய்ன்’ (1965) நல்ல எடுத்துக்காட்டு. பேஜ் அந்தப் பதிவில் இருந்தார், ஆனால் வாசித்தது காதில் அதிகம் விழாத ரிதம். கணீரென்று கேட்கும் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் பீட் டவுன்ஷெண்டுடையது. தட்டைத் திருப்பிப் போட்டால் வரும் ‘பால்ட் ஹெடட் உமன்’ பாட்டில் ஃபஸ் (ஓசையைச் சிதைத்த) கிட்டார் வாசித்தவர் பேஜ். ஒரே தட்டின் இரு பக்கங்களுக்கு இரண்டு விடைகள்! ‘பேஜ் வாசித்தார்’, ‘பேஜ் வாசிக்கவில்லை’ என்று சண்டை போடும் இரு தரப்புமே இங்கே பாதி சரி.

டோனவனின் ‘ஹர்டி கர்டி மேன்’ (1968) இன்னும் சிக்கலானது. அதன் கிட்டாருக்கு ரசிகர்கள் பேஜ், ஜெஃப் பெக், ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த், ஆலன் பார்க்கர் என்று நான்கு பேரை நிறுத்துகிறார்கள். டோனவனே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு பெயர்களைச் சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பத்தகுந்த சாட்சி ஜான் பால் ஜோன்ஸ். அந்தப் பாட்டுக்கு இசை ஒழுங்கு செய்து பேஸ் வாசித்தவர் அவர். எந்தக் கலைஞர் எதிரில் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கிட்டார் ஆலன் பார்க்கர், டிரம்ஸ் கிளெம் கட்டீனி என்கிறார் அவர். ஜோன்ஸ், பேஜ், டிரம்மர் பான்ஹாம் மூவரும் பின்னால் ஒரே குழுவில் சேர்ந்தார்கள் அல்லவா? ‘லெட் செப்பலின் இந்தப் பாட்டில்தான் பிறந்தது’ என்று சொல்லிக்கொள்ள அவருக்கு எல்லா ஆசையும் இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லாமல், புகழ் குறைந்த இரண்டு பேரைக் கைகாட்டுகிறார். தனக்கு லாபமில்லாததைச் சொல்லும் சாட்சிக்குக் கூடுதல் எடை கொடுப்பதுதான் நியாயம்.

பீட்டில்ஸ் விஷயத்தில் பதவிப் பெயர் குழப்புகிறது. ஜார்ஜ் ஹாரிசன் ‘லீட் கிட்டார்’ (முன்னணிக் கிட்டார்) என்பதால் எல்லா சோலோவும் அவருடையது என்று எழுதிவிடுகிறார்கள். ‘டிக்கெட் டு ரைட்’ பாட்டின் லீட் கிட்டார் பால் மெக்கார்ட்னி. ‘கெட் பேக்’ சோலோ ஜான் லெனன். ‘டாக்ஸ்மேன்’ (1966) ஹாரிசனே எழுதிப் பாடியது, ஆனால் அதன் வெறிபிடித்த சோலோ மெக்கார்ட்னி வாசித்தது. பாட்டின் முடிவில் மங்கிப் போகும்போது வருவதும் அதே சோலோதான்: டேப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டியது. இந்தச் சோலோவில் இந்தியச் சாயல் இருப்பதால், ‘சிதார் கற்றவர் ஹாரிசன், ஆகவே இது அவர்தான்’ என்று காதை நம்பித் தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். தனக்காகத்தான் பால் அந்தச் சாயலைச் சேர்த்தார் என்று ஹாரிசன் பின்னர் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். நடையைப் பார்த்து ஆளைச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ (1968) லீட் கிட்டாரை, குழுவில் இல்லாத எரிக் கிளாப்டன் வாசித்தார் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். செப்டம்பர் 6 அன்று பதிவானது. ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. பலர் கவனிக்காத இரண்டு விவரங்களைச் சொல்கிறேன். அவர் வாசித்த சிவப்பு கிப்ஸன் லெஸ் பால், அவரே ஹாரிசனுக்குப் பரிசளித்தது. ஆகவே கருவியை வைத்து வாசித்தவரைச் சொல்ல முடியாது. இரண்டாவது, ஒலி பீட்டில்ஸ் போல இருக்க வேண்டும் என்பதற்காக, கலவையின்போது கிட்டாரை டேப் இயந்திரத்தின் வழியே அனுப்பி வேகத்தை ஆட்டி நடுங்க வைத்தார்கள். கிளாப்டனின் வழக்கமான கனத்த ஓசை அங்கே கிடைக்காது. மிஞ்சுவது விரல் மட்டும்தான்: தந்தியை வளைத்து மேலே நிறுத்தி, அந்த உச்சத்தில் மெதுவாக அகலமாக ஆட்டும் பழக்கம். ஓசையை இயந்திரம் மாற்றிவிடும், இந்தப் பழக்கத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

மூன்று பேரின் விரல்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பழக ‘தி எண்ட்’ (1969) மிகச் சிறந்த பயிற்சி. டிரம் சோலோவுக்குப் பிறகு மெக்கார்ட்னி, ஹாரிசன், லெனன் என்ற வரிசையில் ஆளுக்கு இரண்டு பார் (தாளச் சுழற்சி), மூன்று சுற்று. மொத்தம் 18 பார். எண்ணிக்கொண்டே கேளுங்கள். மெக்கார்ட்னி கூர்மையாகக் குத்துவார், ஹாரிசன் வளைத்து இழைப்பார், லெனன் கீழ்த் தந்திகளில் முரட்டு ஸ்வரங்களை இரைச்சலோடு அறைவார். இந்த 18 பாரும் மனதில் பதிந்த பிறகு ‘டாக்ஸ்மேன்’ சோலோவைக் கேட்டால் யார் என்று தானே தெரியும்.

‘லைலா’ (1970) பற்றித்தான் ஓயாத விவாதம். மயாமி கிரைடீரியா ஸ்டுடியோவில் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் சேர்ந்து வாசித்தது. அதில் ஆறு கிட்டார் டிராக்குகள் இருந்தன என்று தயாரிப்பாளர் டாம் டவ்ட் விளக்கியிருக்கிறார். கிளாப்டனின் ரிதம் ஒன்று, ரிஃப்பையும் அதன் இணைஸ்வரங்களையும் வாசித்தவை மூன்று, டுவேனின் ஸ்லைடு (தந்தியின் மேல் குப்பியை நகர்த்தி வாசிப்பது) ஒன்று, டுவேனும் கிளாப்டனும் சேர்ந்து எதிர்மெட்டு வாசித்தது ஒன்று. காதால் சோதிக்க ஒரு கணக்கு உண்டு. கிளாப்டனின் அன்றைய ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் 21 ஃபிரெட் (ஸ்வரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி), டுவேனின் லெஸ் பாலில் 22. ஆக, விரலால் அழுத்திப் பெறக்கூடிய உச்ச ஸ்வரம் முறையே சி ஷார்ப், டி. தந்தியை வளைத்தால் இன்னும் ஒன்று, ஒன்றரை டோன் ஏறலாம், ஆனால் அப்போது ஏறுவது காதுக்குத் தெரியும். அந்த எல்லையையும் தாண்டி, குருவி கீச்சிடுவதுபோல் வழுக்கிக்கொண்டே போகும் ஒலி ஃபிரெட்போர்டு முடிந்த இடத்துக்கு அப்பால் தந்தியின் மேல் கண்ணாடிக் குப்பி நகர்வதால் வருவது. அது டுவேன். மோதிர விரலில் மாட்டிய காரிசிடின் மாத்திரைக் குப்பிதான் அவருடைய ஸ்லைடு.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. லினர்ட் ஸ்கினர்டின் ‘ஃப்ரீ பேர்ட்’ (1973) நீண்ட சோலோவில் இரண்டு கிட்டார் கேட்கிறது. குழுவில் பல கிட்டார் கலைஞர்கள். எனவே இருவர் வாசித்தது என்று முடிவு கட்டுகிறார்கள். ஸ்டுடியோ பதிவில் ஆலன் காலின்ஸ் ஒருவரே இரண்டு முறை வாசித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது அது. பாட்டின் முற்பகுதி ஸ்லைடு மட்டும் கேரி ராசிங்டன். ஒரே ஆள் இரண்டு முறை வாசித்தால் ஸ்வரம் தொடங்கும் நொடியில் சின்ன விலகல் இருக்கும், ஆட்டும் விதம் ஒன்றாகவே இருக்கும். இரண்டு பேர் என்றால் ஆட்டும் விதமே மாறும்.

அமெரிக்கப் பதிவுகளில் பெயர் மறைக்கப்பட்ட இருவரைச் சொல்லியாக வேண்டும்: டிக் வாக்னர், ஸ்டீவ் ஹன்டர். ஏரோஸ்மித்தின் ‘டிரெய்ன் கெப்ட் எ ரோலின்’ (1974) பாட்டில் முற்பகுதி லீட் ஹன்டர், கூட்ட ஆரவாரம் சேர்த்த பிற்பகுதி வாக்னர். அட்டையில் இருவர் பெயரும் இல்லை. கிஸ் குழுவின் ‘ஸ்வீட் பெயின்’ (1976) சோலோவும் வாக்னருடையது, குழுவின் கிட்டார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலியுடையது அல்ல. இதற்கு வலுவான சான்று உண்டு. 2012-ல் அந்த ஆல்பம் புதிய கலவையில் வெளிவந்தபோது ஃப்ரேலி வாசித்த மூலச் சோலோவுடன் இன்னொரு பதிப்பும் சேர்க்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விவாதமே முடிந்துவிடும். அட்டைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பிளாக் அண்ட் புளூ’ (1976) அட்டையில் கிட்டார் கலைஞர் ரான் வுட் நிற்கிறார், ‘ஹேண்ட் ஆஃப் ஃபேட்’ சோலோ வெயின் பெர்கின்ஸ்.

பெயர் மறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்று இசைத்தட்டு நிறுவன ஒப்பந்தம்: ஒரு நிறுவனத்தின் கலைஞர் இன்னொன்றின் தட்டில் பெயரோடு தோன்ற முடியாது. கிரீம் குழுவின் ‘பேட்ஜ்’ பாட்டில் ரிதம் வாசித்த ஹாரிசன் ‘லாஞ்ஜலோ மிஸ்டெரியோசோ’ என்ற புனைபெயரில் அச்சானது இதனால்தான்.

இனி, வீட்டில் சோதிக்க விரும்புபவர்களுக்கு. எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது ஒலியின் நுண்ணிய விவரங்கள் சில போயிருக்கும். சிடியிலிருந்து சுருக்காத கோப்பாக எடுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஸ்டீரியோவை இரண்டு டிராக்காகப் பிரித்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் நடுவில் வைக்கப்பட்ட குரலும் பேஸும் பெரும்பாலும் காணாமல் போகும், ஓரங்களில் உள்ள கிட்டார்கள் மேலே வரும். எதிரொலி மட்டும் ஆவிபோல் மிஞ்சும். அதைத் தனிக் கிட்டார் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. பிறகு சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓட விட்டு, பார் எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் சுருதியைச் சரிபாருங்கள். பாட்டு வழக்கமான சுருதிக்குச் சற்று மேலோ கீழோ இருந்தால் டேப் வேகம் மாற்றப்பட்டிருக்கலாம். அரை ஸ்வரம் ஏற்றினால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும், விரல் ஆட்டமும் அதே அளவு விரைவாகும். அதைத் திருத்தாமல் ‘இவர் இவ்வளவு வேகமாக ஆட்ட மாட்டார்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. செயற்கை நுண்ணறிவால் இசைக்கருவிகளைப் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றில் பல எல்லாக் கிட்டாரையும் ஒரே கட்டாகத்தான் தரும், ஓசையின் ஓரங்களையும் கரைத்துவிடும். அதை வைத்து ஆளை அடையாளம் சொல்ல வேண்டாம்.

ஆவணங்களில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் செஷன் ஒப்பந்தத் தாள்தான் முதன்மை. தேதி, ஸ்டுடியோ, நேரம், பெயர்கள், ஊதியம் எல்லாம் அதில் இருக்கும். பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ (1965) பதிவில் குழுவிலிருந்து கருவி வாசித்தவர் ரோஜர் மெக்வின் மட்டும்தான், மற்றவர்கள் செஷன் கலைஞர்கள். இப்படிப்பட்ட கேள்விகளை இந்தத் தாள்கள் தீர்த்து வைக்கும். ஆனால் அது சம்பளப் பட்டியல். வேறு நாளில் மேலே சேர்த்துப் பதிந்த சோலோ அந்தத் தாளில் இருக்காது. தேதியைப் பாட்டோடு பொருத்தாமல் பெயரை மட்டும் படித்தால் பிழைதான் வரும். தொலைக்காட்சி வீடியோ சான்றே அல்ல. அந்தக் காலத்தில் பெரும்பாலும் தட்டை ஓட விட்டு வாயசைத்தார்கள், கையசைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு இசைப் பக்கத்தில் கீழ்க்காணும் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரிய இடம் தேவையில்லை.

‘யூ ரியலி காட் மீ’ (1964): ரிஃப், சோலோ - டேவ் டேவிஸ், டிரம்ஸ் - பாபி கிரகாம், டாம்பரின் - மிக் ஏவரி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி