யூரியா மூட்டையை இப்போதைக்குப் பிரிக்காதே

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள குமரனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தட்டைப்பயறு வெளிறித்தான் போயிருக்கிறது. உரக்கடையில் யூரியா வீசச் சொன்னார்கள் என்கிறாய். பொறு, முதலில் வேரைப் பார்.

செடியை இழுத்துப் பிடுங்காதே. வேரில் குட்டி உருண்டையாக இருக்கும் முடிச்செல்லாம் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். சுற்றித் தோண்டி மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசு. பிறகு ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளு. உள்ளே சிவந்திருந்தால், காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) அந்த முடிச்சின் வழியாகச் செடி தானே எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அதே சத்தைத் தரும் யூரியாவை அதன்மேல் கொட்டினால் முடிச்சுக்கு வேலை இல்லாமல் போகும். இலை தளதளவென்று வரும், காய் இருக்காது. முடிச்சே இல்லை, அல்லது உள்ளே பச்சையாக இருக்கிறது என்றால் கொஞ்சம் யூரியா கொடுப்பதில் தப்பில்லை.

இங்கே கோலார்ப் பக்கம் பீன்ஸுக்கு உரம் தாராளமாகப் போடுவதைப் பார்த்திருப்பாய். பீன்ஸ் அப்படித்தான், அதன் முடிச்சு அவ்வளவாக உழைக்காது. அந்தக் கணக்கைத் தட்டைப்பயறுக்குக் கொண்டுவராதே.

நம் வேதாரண்யத்து மணலில் எதுவும் நிற்காது. நல்ல மழை ஒன்று பெய்தால் யூரியாவும், சாம்பல் சத்து தரும் பொட்டாஷும் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அதனால் பொட்டாஷை இரண்டு தடவையாகப் பிரித்துப் போடு. பூ வந்ததும் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரத்தைக் கரைத்து இலைமேல் தெளி: 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். முந்தின ராத்திரியே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டு. இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு உன் பொறுமையைச் சோதிக்கும். வெயில் தாழ்ந்தபின் அடி. 15 நாள் கழித்து இன்னொரு முறை.

அடுத்த பட்டத்துக்கு ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து, அதில் விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதை. பூஞ்சாண மருந்து போட்ட விதை என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு இதைச் செய். அதைவிட முக்கியம் எரு. ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் வேண்டும். மணலில் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்க அதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே அவரைக்காய் சீசன். அம்மா ராத்திரி அவரைக் கொட்டையை ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்றால் பதில் இல்லை. பொங்கலுக்கு நீ வருவாய் என்று நினைத்திருந்தாள் போல. ஒரு போன் போடு.

எரு வண்டிக்குப் பணம் குறைந்தால் என்னிடம் கேள். உரக்கடையில் கடன் வைக்காதே, அப்புறம் அவர்கள் சொல்கிற மூட்டையைத்தான் நீ வாங்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா