பெரிய பட்டனை அமுக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டவன். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், நாம் பேசி முடிப்பதற்குள் "ஓஎஸ் போயிடுச்சு, பார்மட் அடிச்சுடலாம்" என்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஓஎஸ் என்றால் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள், பார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு அதைப் புதிதாகப் போடுவது.

போன வருஷம் கத்திரி வெயில் நேரம். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி செத்து மாசக்கணக்காகியிருந்தது, அது என் தப்பு. கரண்ட் வந்து ஆன் செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும், கொஞ்ச நேரம் சுற்றும், அணையும், திரும்பவும் அதே. வேலூரில் ஒரு கடையில் கொடுத்தேன். சாயந்திரமே புதுசு மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏழெட்டு வருஷமாகச் சேர்த்த கல்யாணப் பத்திரிகை மாடல்கள், மனு நகல்கள், மகளுடைய காதுகுத்து போட்டோ, ஒன்றுமே இல்லை. போன் செய்து கேட்டால், "டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையே சார்" என்கிறார். சொல்லவில்லைதான். கேட்டிருக்கலாமே?

அப்புறம் காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் வந்தான். "இன்னா மாமா, இதுக்குப் போயா பார்மட் அடிச்சாங்க?" என்று சிரித்துவிட்டு, அடுத்த தடவை படுத்தால் எழுப்புவதற்கு விண்டோஸ் ஏற்றி வைக்க ஒரு பென் டிரைவ் கேட்டான். குறைந்தது 8 ஜிபி இருக்க வேண்டும், உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்றான். நான் எடுத்துக் கொடுத்ததில் மாமனாரின் அறுபதாம் கல்யாண வீடியோ இருந்தது, நல்லவேளை அவன் திறந்து பார்த்தான். மைக்ரோசாப்ட் தளத்திலேயே 'மீடியா கிரியேஷன் டூல்' இலவசமாகக் கிடைக்கிறது, அது தானே விண்டோஸை இறக்கி பென் டிரைவில் ஏற்றிவிடும். ஐஎஸ்ஓ ஃபைலாக (மொத்த விண்டோஸையும் ஒரே ஃபைலாகக் கட்டியது) வைத்திருப்பவர்கள் ரூஃபஸ் என்ற குட்டி மென்பொருளால் ஏற்றலாம். அந்த ஐஎஸ்ஓ ஃபைலைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து ஆன் ஆகாது. நான் பின்னொரு நாள் தனியாகச் செய்து பார்த்து, ஒரு மத்தியானத்தை வீணாக்கித் தெரிந்துகொண்டது இது. முக்கியமாக, இதை மிஷின் நன்றாக ஓடும்போதே செய்து மேஜை டிராயரில் போட்டுவிட வேண்டும். படுத்த பிறகு செய்வதென்றால் அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து அதே கோளாறு வந்தது. பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே எஃப்12 தட்டினேன் (என்னுடையது டெல், எச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9). விடாமல் தட்ட வேண்டும், கொஞ்சம் அசந்தால் பழையபடி நீலத் திரைக்கே போய்விடும். எதிலிருந்து ஆன் ஆக வேண்டும் என்று கேட்கிற பட்டியலில் பென் டிரைவின் பெயர் வந்தது, என்டர். மொழி கேட்டது, தாண்டினேன். அடுத்த திரையைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். நட்டநடுவில் 'இன்ஸ்டால் நவ்' என்று பெரிய பட்டன். கீழே இடது மூலையில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்'. என் ஏழெட்டு வருஷம் போனது அந்தப் பெரிய பட்டன் வழியாகத்தான். புதிய விண்டோஸ் 11-இல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, இன்ஸ்டால் என்றால் ஃபைல்கள் உட்பட எல்லாம் அழியும், சம்மதமா என்று டிக் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த டிக்கைப் போடுவது கடைக்காரர், ஃபைல் நம்முடையது!

மூலையில் இருப்பதை அமுக்கி, 'டிரபிள்ஷூட்' போய், 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுத்தேன். முதல் தடவை முடியாது என்றது. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்து கடைசி அப்டேட்டை எடுத்த பிறகு விண்டோஸ் திறந்தது, ஃபைல்கள் அப்படியே இருந்தன. அதுவும் சரிப்படாவிட்டால் ஒரு வழி இருக்கிறது, அக்கா மகன் காட்டியது. அதே இடத்தில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் நோட்பேட் வரும். அதில் ஃபைல், ஓப்பன் போய் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் தெரியும், வலது க்ளிக் செய்து இன்னொரு பென் டிரைவுக்குக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். நம் சி டிரைவ் அங்கே டி என்று வரலாம், பயப்பட வேண்டாம். பார்மட்டுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் கோளாறு ஓஎஸ்ஸில் இல்லை, அதை மேலும் ஓட்டாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. புது லேப்டாப்களில் பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடுகிற) பூட்டு இருந்தால் 48 இலக்க எண் கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும், இப்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சின்ன ஊர்க் கடைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தபோது, மைக்ரோசாப்டே யூஎஸ்பியில் போட்டுச் சரிசெய்யும் கருவி ஒன்றைத்தான் வெளியிட்டது. இப்போது விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதால், மாற்றிப் போடச் சொல்லி கடைகளுக்குப் போகிற கூட்டமும் சேர்ந்திருக்கிறது.

சர்வீஸ் கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மிஷினை வாங்கும்போதே ரசீதில் 'டேட்டா வேண்டும் / வேண்டாம்' என்று ஒரு வரி போட்டு, கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளி ஹைடெக் லேப் ஆசிரியர்களும், பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பாடத்தில் விண்டோஸ், உபுண்டு நடத்துகிற வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்கி, ஆளுக்கொரு பென் டிரைவ் கொண்டுவரச் சொல்லி இதைச் செய்ய வைக்கலாம். பிள்ளைகள் கொண்டுவரும் பென் டிரைவில் யாருடைய கல்யாண வீடியோ இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.