கடலிரும்பை உடைப்பதற்கு முன் ஊடுகதிர்ப்படம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுக்கப்படும் பழைய இரும்புப் பொருள்களை இனங்காண்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வடிவத்தையும் எடையையும் கொண்டே ஒரு பொருள் இன்னதெனச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தைத் தருகிறது. நெடுங்காலம் உப்புநீரில் கிடந்த இரும்புக்கு இது பொருந்தாது.

கடலடியில் இரும்பு துருப்பிடிக்கும்போது சுண்ணாம்பும் மணலும் சிப்பியும் துருவோடு சேர்ந்து இறுகி, அதன்மேல் கல்லொத்த மேலோடு படிகிறது. கொல்லன் அடித்துச் செய்த ஆணி, கொக்கி, கோடாரி போன்ற தேனிரும்புப் பொருள்கள் அதற்குள்ளேயே முற்றிலும் அரித்துப்போய், தம் வடிவத்தை வெற்றுக்குழிவாக மட்டும் விட்டுச்செல்வதுண்டு. அந்நிலையில் சுத்தியலால் மேலோட்டைத் தட்டுபவர், எஞ்சியிருந்த ஒரே சான்றையும் நொறுக்கிவிடுகிறார். முதலில் ஊடுகதிர்ப்படம் (எக்ஸ்-ரே) எடுத்து, உள்ளே உலோகம் இருக்கிறதா, குழிவுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழிவாயின், அதில் எபாக்ஸிப் பிசினை ஊற்றி இறுகவிட்ட பிறகே மேலோட்டை நீக்க வேண்டும். கோடாரியில் காம்பு நுழையும் துளை உட்பட எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் கிடைத்துவிடும்.

வார்ப்பிரும்பு ஏமாற்றும் விதம் வேறு. இரும்பு வெளியேறிய பின்னும் அதிலிருந்த கிராஃபைட் என்னும் கரிப்பொருள் பழைய உருவத்தைத் தாங்கி நிற்பதால், பீரங்கிக் குண்டு பார்வைக்குக் குறையின்றி இருக்கும். தூக்கினாலோ எடை குறைந்திருப்பது தெரியும். ஆகவே குண்டை நிறுத்துப் பார்த்து இது இத்தனை பவுண்டுக் குண்டு என்று முடிவுகட்டலாகாது. விட்டத்தை அளந்தே கணக்கிட வேண்டும். பீரங்கியின்மேல் வெட்டப்பட்ட குறிகளும் இந்த மென்மையான கிராஃபைட் அடுக்கில்தான் தப்பிப் பிழைத்திருக்கும். பழைய ஆங்கிலேயப் பீரங்கி ஒன்றில் 20-1-14 என்றிருந்தால் அது தேதியன்று. 112 பவுண்டு கொண்ட அந்தர் 20, அதன் காற்பகுதியான 28 பவுண்டு ஒன்று, உதிரியாக 14 பவுண்டு, ஆக மொத்தம் 2,282 பவுண்டு என்னும் எடைக்குறிப்பு அது. கம்பித் தூரிகையால் பளபளப்பாக்க முனைந்தால் இக்குறி தூளாக உதிர்ந்துவிடும்.

எடுத்த பொருளை வெயிலில் உலர்த்துவதும் கேடுதான். கடல் உப்பிலிருந்து உள்ளே ஊறியுள்ள குளோரைடு, காற்றுப் பட்டதும் அரிப்பை முடுக்கி இரும்பை ஏடு ஏடாகப் பிளக்கும். 1862 டிசம்பர் 31 அன்று அமெரிக்கக் கடற்பகுதியில் மூழ்கிய ‘மானிட்டர்’ போர்க்கப்பலின் சுழல் பீரங்கிக் கோபுரம் 2002-இல் வெளியே எடுக்கப்பட்டு, பத்தாண்டுகள் கடந்த பின்னும் இந்தக் குளோரைடை நீக்கிப் பதப்படுத்தும் தொட்டியிலேயே இருந்தது.

காலத்தைக் கணிப்பதில்தான் பலருக்கும் துணிச்சல் மிகுதி. ஆணியும் நங்கூரமும் நெடுங்காலம் பெரிதும் மாறாத வடிவத்தில் செய்யப்பட்டவை. உடன் கிடைத்த நாணயம், மட்பாண்டம் ஆகியவற்றோடும், கடலடியில் அவை கிடந்த இடத்தின் வரைபடத்தோடும் ஒப்பிடாமல், தனித்த ஓர் இரும்புத்துண்டுக்கு நூற்றாண்டு குறிப்பது ஊகமே. இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ஊடுகதிர்ப்படம் எடுக்கப்பட்டதா, கிடந்த இடம் பதிவாகியுள்ளதா என்பதையும் கேட்டறிந்து, அளவுகோலுடன் கூடிய படத்தைச் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்