வாவிக்கு மேலால் ஒரு கோடு

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடி. நீ அனுப்பிய மூன்று செய்திக்கும் கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்தவன் நான். அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும். கட்டையனுக்கு மகள் பிறந்திருக்கிறாள். தன்னைப் போல உயரமாய் வருவாளாம், ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னுடைய குரியரில் பார்சல் கூடக்கூட என் கையில் மிஞ்சுவது குறைந்துகொண்டே வந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வானுக்கு வாரம் 20 லீற்றர் அடித்த காலத்தில் ஒரு சொட்டும் வீணாக்காமல் ஓடினோம். டீசல் தாராளமாகக் கிடைத்ததும் அந்தப் புத்தி போய்விட்டது. எந்தப் பார்சல் கைக்கு முதலில் வருகிறதோ, அந்த ஊருக்கு முதலில் போவது.

அக்காவின் மகன் கம்பஸ் லீவில் வந்தவன், கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு எனக்கு வகுப்பே எடுத்தான். 1959இல் டான்சிக், ராம்சர் என்ற இரண்டு பேர், ஒரு களஞ்சியத்திலிருந்து பெற்றோல் நிலையங்களுக்கு பவுசர்களை எப்படி அனுப்புவது என்று இதைத்தான் யோசித்தார்களாம். பத்து வீட்டுக்குப் போகவே 36,28,800 வரிசை இருக்கிறது என்றான். எங்கள் வானில் ஒரு நாளைக்கு அறுபது பார்சல்! எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எந்தக் கம்பியூட்டராலும் ஏலாதாம், அதனால் குறுக்குவழிகள். 1964இல் கிளார்க், ரைட் சொன்னது எனக்கே விளங்கியது. கொக்கட்டிச்சோலைக்கு ஒருதரம் போய் வந்து, அம்பிளாந்துறைக்கு இன்னொருதரம் போய் வராதே. இரண்டையும் ஒரே ஓட்டமாக்கினால் எவ்வளவு மிச்சம் என்று பார். ஊர்களை இரண்டிரண்டாக இப்படிப் பார்த்து, மிச்சம் கூடியதை முதலில் கோத்துக்கொண்டு போ. அவ்வளவுதான். நம்முடைய கணித சேர் சொல்லியிருந்தால் நானும் பாஸ் பண்ணியிருப்பேன்.

பொடியன் அன்றிரவே ஒரு புரோகிராம் எழுதிவிட்டான். காலையில் அது குருக்கள்மடத்தையும் அம்பிளாந்துறையையும் பக்கத்து வீடுகள் மாதிரிக் கோத்திருந்தது! நடுவில் வாவி கிடக்கிறது. அது நேர்கோட்டுத் தூரத்தை எடுத்திருக்கிறது. வானை ஓட்டும் வெள்ளையண்ணன் அதில் சாய்ந்தபடி போனை வாங்கி, கையைத் தூரத்தில் நீட்டிப் பார்த்தார்.

“தம்பி, இதில பாதை எத்தனை மணிக்கு?”

“பாதைதானே அண்ணன், நீலக் கோடு.”

“அது ரோட்டு. நான் கேட்டது பாதை.”

கம்பஸில் போய் நாலு வருஷம் கொழும்புத் தமிழ் பேசினால், துறையில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கரை மாறுவதற்குப் பெயர் பாதை என்பது மறந்துபோகும்போல. நான் சிரித்த சிரிப்பில் அம்மா எழும்பி வந்துவிட்டா.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து திருத்தினோம். 2014இல் திறந்த மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் என்று கரை மாறும் இடங்களைக் கொடுத்து, றோட்டுத் தூரத்தைப் போட்டோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை தினமும், மேற்கே படுவான்கரை கிழமையில் மூன்று நாள். வெள்ளி மதியம் காத்தான்குடிக்குள் போவதில்லை. ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருக்கும். 134 கிலோமீற்றர் ஓடிய நாள் 92க்கு வந்தது.

ஆனால் மச்சான், தூரத்தைவிடப் பெரிய ஓட்டை ஆளில்லாத வீடு. வெல்லாவெளிப் பக்கம் ஒரு சாரிப் பார்சலுக்கு மூன்று தடவை போனோம். பகலில் போனால் வீட்டுக்காரர் வயலில். பொழுதுபட்டுப் போகலாமென்றால் யானை. இப்போது முதல்நாள் இரவே போன் எடுத்து, எங்கே நிற்பீர்கள், காசு யாரிடம் என்று கேட்டு வைக்கிறேன். திரும்பி வரும் பார்சல் பாதியாகிவிட்டது. இதற்கு எந்தப் புரோகிராமும் வேண்டியிருக்கவில்லை.

இனித்தான் நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம்.

போன மாதச் சம்பளத்தன்று வெள்ளையண்ணன் சம்பளத் துண்டை ஒருதரம் பார்த்தார். நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நாட்சம்பளம் கொஞ்சம், மிச்சம் கிலோமீற்றருக்கு 12 ரூபாய். நாளைக்கு 42 கிலோமீற்றர், 24 நாள்: 12,096 ரூபாய் குறைந்திருக்கிறது. வாவிக்கு மேலால் வான் ஓடாது என்று சொல்லித் தந்த மனுசனுக்கு!

முதல் வேலையாக அந்தக் காசைக் கொடுத்தேன். “கணக்குக் கணக்குத்தானே தம்பி” என்று வாங்க மறுத்தார்; அவருடைய மனுசியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் மாதாமாதம் இப்படி ஒளித்துக் கொடுக்க முடியுமா? பார்சலுக்கு இவ்வளவு என்று மாற்றலாம். அப்படியென்றால் படுவான்கரைக்குப் போகும் நாளில் நட்டம், அதோடு அந்த வயதில் ஓட்டப்பந்தயம் வேறு. நாட்சம்பளத்தைக் கூட்டி, மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கு கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

நீ அங்கே மற்றவன் கம்பனிக்கெல்லாம் இந்தச் சம்பளக் கணக்குத்தானே பார்க்கிறாய். எனக்கும் ஒன்று போட்டு அனுப்பு, வெள்ளிக்கு முன்னால். அன்றைக்குத்தான் சம்பளம்.

அப்புறம், கட்டையனின் மகளுக்கு ஏதும் அனுப்புவதென்றால் என்னுடைய குரியரில் அனுப்பாதே. அவன் வீட்டில் ஒருநாளும் நிற்பதில்லை.

உன்
பழைய பாவி