பின் சீட்டையும் கணக்கில் வை

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காதுகுத்துக்கு வந்தபோது உன் ஸ்விஃப்டின் முன் டயரைத் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருக்கிறது, உள்விளிம்பில் கம்பி தெரிகிறது. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது, ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். அந்த டயரோடு ஓசூரிலிருந்து மழையில் தொப்பூர் இறக்கத்தைத் தாண்டி வந்திருக்கிறாய். நான் சொல்ல வருவதற்குள் ராத்திரியே கிளம்பிவிட்டாய். அப்படி என்ன அவசரம்?

டயர் மாற்றிவிட்டேன் என்றாய், சந்தோஷம். ஆனால் காரணம் அப்படியே இருந்தால் புது டயரும் அதே வழியில்தான் போகும். கம்பெனி ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை அறுத்து வண்டியின் உயரத்தை இறக்கியிருக்கிறார்கள். அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்ப்ரிங் இடம் மாறிவிடும். அதை முதலில் கழற்று.

இறக்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். எல்லாரும் அந்தக் கேம்பரைத்தான் குறை சொல்வார்கள். டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. உயரம் மாறினால் சக்கரத்தை அடியில் பிடிக்கும் லோயர் ஆர்ம் ஒரு வட்டத்திலும் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராட் இன்னொரு வட்டத்திலும் நகரும், சக்கரம் நேராகப் பார்க்காது. அப்புறம் டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே போகும். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பம். சின்னப் பையனாக இருந்தபோதே கண்ணை மூடிக்கொண்டு சொல்வாயே, லாரி டிரைவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்களே. அந்தக் கை எங்கே போயிற்று?

இப்போது 40 மில்லிமீட்டர் இறக்கும் செட் வாங்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம், 25 போதும். உன் வண்டிக்குத் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் உயரம். 40 போனால் மிச்சம் 123. விதிப்படி போட்ட வேகத்தடையே 100 மில்லிமீட்டர். நம்ம தெருவில் இருப்பது அதைவிட உயரம் என்று உனக்கே தெரியும். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் வெறும் பீம்தான், கேம்பரையும் டோவையும் திருப்பிச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. அதிகம் இறக்கினால் பழைய ஷாக் அப்சார்பர் அடியில் போய் இடிக்கும், டயர் துள்ளித் துள்ளித் திட்டுத் திட்டாகத் தேயும். ஸ்ப்ரிங்குக்குப் பொருத்தமான ஷாக்கையும் சேர்த்தே வாங்கு. பணம் போதாவிட்டால் பொறுத்து வாங்கு, அல்லது என்னிடம் கேள்.

கடைக்காரரிடம் "நான் ஒருத்தன்தான் போவேன்" என்று சொன்னாயாம், அம்மா சொன்னாள். அந்தக் கணக்கில் ஸ்ப்ரிங் வாங்காதே தம்பி. மருமகளும் பாப்பாவும் ஏறி, பெட்டியும் ஏறினால் வண்டி எவ்வளவு தாழும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். காலியாகப் போகும் வண்டிக்கு எந்த ஸ்ப்ரிங்கும் நன்றாகத்தான் தெரியும். அன்றைக்குப் பின் சீட்டில் பாப்பாவின் சீட் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

உன் சம்பளம், உன் வண்டி. தடுக்கவில்லை. ஆனால் 25-க்கு மேல் வேண்டாம். டோ பார்க்காமல் ஒரு நாளும் ஓட்டாதே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடு.

அங்கே யாரிடமும் மாட்டாதே, நம்ம கடைக்குக் கொண்டு வா. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் கிழியும். அவசரக்காரர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்ப்ரிங் படிந்ததும் மறுபடி அலைன்மென்ட் பார்க்க வேண்டும், அதற்கும் இங்கேதான் வர வேண்டும்.

அலைன்மென்ட்டை நான் ஆள் உட்கார வைத்துத்தான் பார்ப்பேன். முன்னால் நீ, பின்னால் அவர்கள் இரண்டு பேரும். மூன்று பேரும் வாருங்கள். பகலில் கிளம்பு. மழை பெய்தால் தொப்பூரில் 40-க்கு மேல் போகாதே.

அப்பா
நாமக்கல்