எவர்சில்வர் மூடியும் தம்புராவும்

சயான் கோலிவாடா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பெங்களூரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த புளியோதரை சோலாப்பூர் வரை தாங்கியது. அதற்கப்புறம் அம்மா உத்யான் எக்ஸ்பிரஸ் வடையை ஒரு பிடி பிடித்தாள்.

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. “வீட்டுக்குள்ளே நுழைந்தாலே எரிச்சலாக வருதுப்பா. பதினோராவது மாடி, வெளியே பெரிய சத்தம்கூட கிடையாது. ஏன் என்றே தெரியலை” என்றாய். பதிலைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். ராத்திரி சின்னக்குட்டி தூங்கின பிறகு நிதானமாகப் படி.

உன் வீட்டில் என்ன கோளாறு என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து “உள்ளே வாங்கப்பா” என்றாய் பார், அந்தக் குரல் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி என் காதுக்கு வந்தது. நீ குளிக்கப் போன நேரத்தில் நடு ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தேன். ‘டப்’ என்று நின்றிருக்க வேண்டிய சத்தம் ‘ட்ர்ர்ர்’ என்று சிலிர்த்து அடங்கியது. கீழே வழவழ டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிர்ப்பக்கம் வெறும் சுவர். சத்தம் எங்கே போய் உட்காரும் சொல்லு? ரெண்டு சுவருக்கும் நடுவே பந்து மாதிரி அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கரண்டி விழுந்தால் மூன்று கரண்டி விழுந்த மாதிரி. அதை மீறிப் பேசவேண்டி எல்லோரும் குரலை உயர்த்துகிறீர்கள். உயர்த்தின குரலும் சுற்றிச் சுற்றி வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சண்டை போடுகிறீர்கள் என்று அம்மா அன்றைக்கு பயந்தே போனாள். நீங்கள் உப்பு டப்பா எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இதற்கு மருந்து துணி. எங்கள் கல்யாணத்துக்கு ஈரோட்டிலிருந்து வந்த பவானி ஜமக்காளம் ரெண்டு பரணில் கிடக்கிறது. ஒன்று நல்ல அகலம், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. அதை அனுப்புகிறேன். ஆனால் ஜமக்காளத்தை மட்டும் விரித்தால் பெரிதாக ஒன்றும் குறையாது, அது மெல்லிசு. அடியில் பஞ்சு அடைத்த பழைய ரஜாய்ப் போர்வை ஒன்றை மடிக்காமல் விரித்து அதன்மேல் போடு. மெத்தென்று இருந்தால்தான் சத்தத்தைக் குடிக்கும். கோரைப்பாய் வேண்டாம், பார்க்க அழகு, இந்த வேலைக்கு உதவாது. கண்ணாடிப் பக்கம் கனமான திரை போடு. ஜன்னல் அகலத்துக்கு அளந்து வாங்காதே, ரெண்டு பங்கு அகலம் வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கினால்தான் பலன். எதிர்ச்சுவரில் மாப்பிள்ளையின் புத்தகங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கு. உயரம் சமமாக இல்லை என்று அவர் வருத்தப்படுவார். ஏற்ற இறக்கமாக இருப்பதுதான் நல்லது, சத்தம் சிதறிப் போகும்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதே. திரையும் ஜமக்காளமும் உள்ளே பிறக்கிற சத்தத்துக்குத்தான். வெளியிலிருந்து வருகிற ஹாரனுக்கும், பக்கத்து மனையில் ஓடுகிற கட்டட மிஷினுக்கும் அவற்றால் அதிகம் ஆகப்போவதில்லை. காற்று நுழைகிற இடத்தில் சத்தமும் நுழையும், அவ்வளவுதான் கணக்கு. உன் பெட்ரூம் ஜன்னல் தள்ளுகிற ஜன்னல். அதன் ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு பட்டி இருக்கும். காற்றாக இருந்த ஒரு சாயங்காலம், எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பு ஓரமாக மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை, கீழ்மூலைக்கு வந்ததும் சடக்கென்று உள்ளே வளைந்தது. குனிந்து பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டியில் மயிரே இல்லை, வழுக்கை. அதை மாற்றச் சொல். ஹார்டுவேர் கடையில் சுருளாகக் கிடைக்கும், பெரிய செலவு கிடையாது. பெட்ரூம் கதவுக்கு அடியிலும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. அங்கேயும் ஒரு ரப்பர் பட்டி ஒட்டு. ஹாலில் நடக்கிற அத்தனையும் அந்த வழியாகத்தான் தொட்டிலுக்குப் போகிறது.

இப்போது ராத்திரிக் கதை. நாலாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ‘ஸ்ஸ்ஸிங்’ என்று எங்கேயோ மெல்லிசாக ஒரு சத்தம், பத்து நிமிஷம் இருக்கிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. பட்டறையில் 32 வருஷம் கழித்தவனுக்கு இப்படி ஒன்று கேட்டால் படுத்திருக்க முடியுமா? இருட்டில் திருடன் மாதிரி நடந்து, ஒவ்வொரு சாமானிலும் கையை வைத்துக்கொண்டே போனேன். இன்வெர்ட்டர் இல்லை. தண்ணீர் ஃபில்டர் இல்லை. ஃப்ரிட்ஜ் மேலே நீ ஒரு எவர்சில்வர் தூக்கும் அதன்மேல் மூடியும் வைத்திருந்தாய். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் அந்த மூடி நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலை வைத்தேன், சத்தம் நின்றது. எடுத்தேன், வந்தது. ஃப்ரிட்ஜும் பின்சுவரோடு ஒட்டி நின்றது. நாலு விரல்கடை முன்னால் இழுத்து, ஆடிக்கொண்டிருந்த முன்காலைத் திருகிச் சமப்படுத்தினேன். அதற்கப்புறம் ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. காலையில் நீ “என்னப்பா, ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து மைசூர் பாக் தேடினீர்களா?” என்று கேட்டாய். அதுவும் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஃபேனையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபேன் முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது, மூன்றுக்குக் கீழே இறக்கினால் ‘ங்ங்ங்’ என்று முனகுகிறது. ஃபேனில் கோளாறு இல்லை, ரெகுலேட்டர்தான். அது கரண்டை வெட்டி வெட்டி அனுப்பி வேகத்தைக் குறைக்கிற வகை. வெட்டின கரண்டு மோட்டாரை அதிரவைக்கும். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் கேட்டு வாங்கி மாட்டச் சொல், முனகல் போய்விடும். அப்புறம் அந்த மிக்ஸி. கிரானைட் மேடையில் நேராக வைக்காதே, பழைய டர்க்கி டவலை நாலாக மடித்து அடியில் போடு. மிக்ஸியின் காற்றோட்டம் அடைபடாமல் பார்த்துக்கொள்.

இதையெல்லாம் செய்துவிட்டு வீட்டைக் கல்லறை மாதிரி ஆக்கிவிடாதே. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். குட்டி தூங்கினால் நீங்கள் ரெண்டு பேரும் நுனிக்காலில் நடக்கிறீர்கள், சைகையில் பேசுகிறீர்கள், குக்கர்கூட வைப்பதில்லை. வீடு அத்தனை நிசப்தமாக இருந்தால் லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம்கூட இடி மாதிரி விழும். குழந்தை திடுக்கிட்டு எழுந்திருக்காமல் என்ன செய்யும்?

நீ எங்கே வளர்ந்தாய் என்று யோசித்துப் பார். ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனிலிருந்து நாலே நிமிஷம். ஹார்பர் லைன் லோக்கல் ரயில் போகும்போது நம் வீட்டு அலமாரிக் கண்ணாடி நடுங்கும். நீ அந்தச் சத்தத்தில்தான் பத்தாம் வகுப்புக்குப் படித்தாய், அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாய். 2020 மார்ச் 22-ஆம் தேதி ராத்திரியோடு லோக்கல் நின்றுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? முதல் ஒரு வாரம் நம் வீட்டில் யாருக்குமே சரியாகத் தூக்கம் இல்லை. கீழ்வீட்டுக்காரர் இருமுவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, எங்கேயோ ஒரு நாய். “வண்டி போனால் நன்றாக இருக்கும்ப்பா” என்று நீயே சொன்னாய்.

பாட்டுக்காரர்களுக்கு இது தெரியும். முதல் மாடியில் பாட்டு டீச்சர் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு சுருதிப் பெட்டியைப் போட்டுவிடுவார். தொடங்கும்போது கேட்கும், கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே தெரியாது. அணைக்கும்போதுதான் அடடா, இவ்வளவு நேரம் இருந்ததா என்று தோன்றும். வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏறாமல் இறங்காமல், பேச்சில்லாமல், அடியில் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று. ஃபேன் சத்தமே போதும். இல்லாவிட்டால் தம்புரா போடு. எலக்ட்ரானிக் தம்புரா செய்கிற ராடெல் கம்பெனியே உங்கள் பெங்களூரில்தான் இருக்கிறது. போன் செயலியிலும் கிடைக்கும்.

மாப்பிள்ளை போனில் மழைச் சத்தம் போட்டுத் தலைமாட்டில் வைக்கிறாரே, எண்ணம் சரி, செய்கிற விதம் சரியில்லை. போனின் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் வராது. மழை வெறும் எண்ணெய்ச் சட்டி மாதிரி ‘ஸ்ஸ்’ என்று பொரிகிறது. ஹாலில் இருக்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கரில், ரொம்பக் குறைத்து வைக்கச் சொல். பிரவுன் நாய்ஸ் என்று தேடினால் தூரத்து அருவி மாதிரி கனமான இரைச்சல் வரும். பிரவுன் என்பது நிறம் இல்லை, ராபர்ட் பிரவுன் என்கிற விஞ்ஞானியின் பெயர். இதை மாப்பிள்ளையிடம் சொல், அவருக்கு இந்த மாதிரி விஷயம் பிடிக்கும். ஆனால் தொட்டிலிலிருந்து குறைந்தது ஏழு அடி தள்ளித்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று நாம் மெதுவாகப் பேசினால் அதை மீறிக் கேட்க வேண்டும், அதற்கு மேல் சத்தம் கூடாது. குட்டி நன்றாகத் தூங்கிவிட்டால் அணைத்தும் விடலாம்.

காது விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். தொழிற்சாலைக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. சுத்தியல் அடிக்கிற இடத்தில் எவன் அளந்தான்? காதடைப்பான் கொடுத்தாலும் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது என்று நானே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். போன வருஷம் காது டெஸ்ட் எடுத்தபோது 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்துக்குக் கிட்டே வரைபடத்தில் கோடு பள்ளத்தில் விழுகிற மாதிரி இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவன் காது முதலில் அங்கேதான் போகுமாம். அதனால் எனக்கு ‘ச’வும் ‘ஸ’வும் சரியாகப் பிடிபடுவதில்லை. குட்டி உதட்டைக் குவித்து ஏதோ சொல்லும்போது அம்மா சிரிக்கிறாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைக்கிறேன்.

உங்கள் வீட்டில் பத்து நாளும் டிவியில் நியூஸ் ஓடிக்கொண்டே இருந்ததற்கும் நான்தான் காரணம். அதற்கு மன்னித்துவிடு. எல்லா இரைச்சலிலும் மோசமானது பேச்சு. நாம் கேட்காவிட்டாலும் காது தானாக அதன் பின்னாலே போகும். பக்கத்து வீட்டில் கன்னட சீரியல் ஓடினால் எனக்கு அது சும்மா ஒரு சத்தம், அதே இடத்தில் தமிழ் சீரியல் ஓடினால் மாமியார் என்ன சொன்னாள் என்று பேப்பரைக் கீழே வைத்துவிடுகிறேன். நீ வேலை பார்க்கிற நேரத்தில் யாரும் பார்க்காத டிவி ஓட வேண்டாம். அடுத்த தடவை நான் வந்தாலும் அணைக்கச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபிப்பேன், பரவாயில்லை.

பக்கத்து மனையில் ராத்திரி கான்கிரீட் போட்டால் முதலில் அசோசியேஷன் மூலமாகப் பேசச் சொல். 2000-ஆம் வருஷ இரைச்சல் விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல், பகலில் 55 என்று இருக்கிறது. போனில் அளந்து வைத்துக்கொள், ஆனால் போன் காட்டுகிற எண்ணைப் பஞ்சாங்கம் மாதிரி நம்பாதே, ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும். நம் பக்கமும் யோசிக்க வேண்டும். உங்கள் டைனிங் நாற்காலியை இழுத்தால் கீழ்வீட்டு அம்மாவுக்கு என்ன கேட்கும் என்று நினைத்துப் பார். காலுக்கு ஃபெல்ட் துண்டு ஒட்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று தெரியும். எது காதை அதிகம் உறுத்துகிறதோ அதை முதலில் முடி. பெரிய சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது சின்னதை நிறுத்தினால் வித்தியாசமே தெரியாது. எனக்குக் கேட்டால் முதலில் ஜமக்காளம்தான். அடுத்த வாரம் சித்தப்பா மகன் பெங்களூருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும் வைக்கிறாள்.

அந்த எவர்சில்வர் மூடியைத் தேடிக்கொண்டிருக்காதே. அடுக்களையில் ரெண்டாவது டிராயரில், சப்பாத்திக் கட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தூக்கு மட்டும் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கட்டும், அது சத்தம் போடவில்லை.

அன்புடன்,
அப்பா