மணி அடிக்காத ஐந்து மணி நேரம்: பங்குப் பேரவைக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை அண்ணன்மாருக்கும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்களான அன்பியங்களை நடத்திவரும் அக்கா தங்கைமாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு அழுகைதான் முதலில் வரும். அதனால் எழுதுகிறேன். கோயில் வரி பாக்கிக்காகச் சாவு மணியை நிறுத்துவது நம் பங்கோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் தாளை மடித்து உங்கள் கையில் கொடுத்திருப்பேன். பக்கத்து ஊர்களுக்கு வாக்கப்பட்டுப் போன என் சொந்தக்காரப் பெண்களிடம் பேசினேன். அங்கேயும் இதே கதை. நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போகிற எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

ஓர் அன்பியத்தின் கணக்கை ஆறு வருடமாக எழுதுகிறவள் நான். 28 குடும்பம். மாதம் 100 ரூபாய் கோயில் வரி. கட்டியவர் பெயருக்கு நேராக நீல மையில் ஒரு டிக். கட்டாதவர் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் நிலுவை. அன்பியக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் அதே நோட்டில்தான்.

போன தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை விடியும் முன்னே எங்கள் தெரு ஆச்சி ஒருவர் இறந்துபோனார். பெயர் வேண்டாம். பீடி சுற்றியே பிள்ளையை வளர்த்தவர். மகன் கேரளாவில் கட்டட வேலை. திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சி உட்காரும்போது தெருவில் பால்காரர்கூட வந்திருக்க மாட்டார். ஈரச் சாக்கில் சுற்றிய இலை ஒரு பக்கம், தூள் சுளகில். இலையை வெட்டி, தூளைப் போட்டு, உருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்கும் வரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஜெபமாலையின் மணிக்குப் பதிலாக, ஒரு பீடிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. கட்டுக்கு 25 பீடி. "ரெண்டு கட்டு முடிஞ்சா அம்பத்தி மூணு மணியில மூணுதான் தாயி குறையும். அந்த மூணையும் கட்டு போடும்போது சொல்லிருவேன்" என்பார்.

பதினோரு மணி ஆனால் சுளகை ஓரமாக வைத்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போவார். அங்கே பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு அம்மா. நம் சபை இல்லை. மருமகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவாள். ஆச்சிதான் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, முதுகில் பவுடர் போட்டு, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிவிட்டு வருவார். ஒரு மணி நேரம் போனால் நூறு பீடி போச்சு. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடத்துக்கும் மேலாக.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர் பெயருக்கு நேராக 43 மாத நிலுவை, 4,300 ரூபாய் என்று சிவப்பில் எழுதினேன். கூட்டம் மாலை ஏழு மணிக்கு. சுற்றிய பீடியை அவர் கம்பெனிக் கடையில் கொடுக்கப் போகிற நேரமும் அதுதான். 'வரவில்லை' என்று அதையும் எழுதினேன். அந்த 43 மாதக் காசு எங்கே போயிற்று என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை, எதிர் வீட்டுக் கட்டில் பக்கத்தில் போயிருக்கிறது.

அன்றைக்கு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். செய்தி சொல்லப் போன பையனிடம், "பாக்கிய அடைச்சாத்தான் மணி, பெட்டி வண்டி எல்லாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குத்தந்தை ஊரில் இல்லை. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவர் என்ன செய்வார்? மகன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். என் நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். நானும் கொடுத்தேன். அந்த நோட்டை நீட்டிய கையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய துக்க மணி பதினோரு மணிக்கு அடித்தது. ஆச்சியோடு அதே திண்ணையில் பீடி சுற்றும் ஐந்து பெண்கள், மூன்று பேர் இந்து, இரண்டு பேர் முஸ்லிம், தங்களுக்குள் புரட்டியும் கம்பெனிக் கடையில் முன்பணம் கேட்டும் 4,300 ரூபாயைக் கொண்டுவந்து கட்டினார்கள். ரசீது போட்டுக் கொடுத்தோம். அந்தக் காசில்தான் நம் கோயில் மணி அடித்தது. மாலையில் பங்குத்தந்தை வந்து அடக்கப் பூசையை நல்ல முறையில் நிறைவேற்றினார். அந்த ஐந்து பேரும் கோயிலின் பின்பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

உங்களில் யாரும் கொடியவர் இல்லை. எனக்கு அது தெரியும். கரண்ட் பில், கோயில்பிள்ளை சம்பளம், மழைக்கு ஒழுகும் பூசைச் சாமான் அறை, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வானத்திலிருந்து விழாது. கோயிலைத் தாங்க வேண்டியது நம் கடமை என்று திருச்சபைக் கட்டளையே சொல்கிறது. ஆனால் அவரவர் வசதிக்குத் தக்கபடி என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது. நாம் ஞானோபதேச வகுப்பில் படித்தபோது முதல் பாதியைத்தான் மனப்பாடம் செய்தோம் போலிருக்கிறது.

1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1181-ஆம் எண்ணைப் பாருங்கள். அடக்கச் சடங்குக்கான காணிக்கை பற்றிய இடம் அது. ஆள் பார்த்துச் செய்யக்கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் கிடைக்காமல் போய்விடக்கூடாது என்பது அதன் சாரம். 848-ஆம் எண் ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற அருளடையாளங்களைப் பற்றியும் இதையே சொல்கிறது: இல்லாமையின் காரணமாக எவரும் அவற்றை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியிருக்க, ஞானஸ்நானத்துக்கும், கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்கும் ஓலைக்கும் நாம் நிலுவை பார்ப்பது எந்தச் சட்டத்தின்படி? நம் ஊர் வழக்கம் என்பீர்கள். வழக்கத்தை உண்டாக்கியது நாம்தானே.

தன்னிடம் இருந்த இரண்டு காசையும் உண்டியலில் போட்ட ஏழை விதவையைப் பற்றி வருடம் தவறாமல் பிரசங்கம் கேட்கிறோம். மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அந்தக் கதைக்கு முந்தின வசனம் என்னவென்று சமீபத்தில்தான் கவனித்தேன். நீண்ட ஜெபம் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்குகிற மறைநூல் அறிஞர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். அந்தப் பேச்சு முடிந்த கையோடுதான் உண்டியலுக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்த அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரக்கச் செயல்கள் ஏழு என்று சிறுபிள்ளையில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு, மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொன்னவை. ஏழாவது, இறந்தோரை அடக்கம் செய்வது. அது பழைய ஏற்பாட்டுத் தோபித்து ஆகமத்தின் தோபித்துவிடமிருந்து வந்தது. பெந்தக்கோஸ்தே திருநாள் விருந்துக்கு இலை போட்டாயிற்று. சந்தைவெளியில் நம்மவன் ஒருவன் செத்துக் கிடக்கிறான் என்று மகன் வந்து சொல்கிறான். தோபித்து வாயில் ஒரு கவளமும் வைக்காமல் எழுந்து போய் அந்த உடலைத் தூக்கி வருகிறார். பொழுது சாய்ந்ததும் குழி வெட்டி அடக்கம் செய்கிறார். செத்தவன் பெயரைக்கூட அந்த ஆகமம் சொல்லவில்லை.

நம் அன்பியத்துக்குப் புனித தேவசகாயம் பெயரை வைத்திருக்கிறோம். 2022 மே 15-ஆம் தேதி உரோமையில் புனிதர் பட்டம் கொடுத்த அன்று டிவி முன்னால் உட்கார்ந்து கை தட்டினோம். அடுத்த மாதமே வேன் பிடித்து, அவர் உயிர்விட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போய் வந்தோம். அவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை. நம்மைப் போலக் குடும்பஸ்தர், அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து 1752 சனவரி 14-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டது வரை ஏழு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் பெரிதாகச் செய்தது என்ன? தாழ்த்தி வைக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார், உட்கார்ந்து சாப்பிட்டார். மேலே இருந்தவர்களுக்கு அவர்மேல் கோபம் வர அதுவும் ஒரு காரணம். கொன்ற பிறகு உடலை மலைக்காட்டில் வீசிவிட்டார்கள். மணி இல்லை, பெட்டி இல்லை. நாட்கள் கழித்து விசுவாசிகள் தேடிப் போய் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அப்படி அடக்கமானவருடைய பெயரைத் தலையில் தாங்கிய அன்பியத்தின் நோட்டை வைத்துத்தான் ஒரு பீடிக்காரப் பெண்ணின் துக்க மணியை நிறுத்தினோம்.

விசுவாசம் ஒரு பக்கம், தினப்படி வாழ்க்கை ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதை இந்தக் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்றாக எண்ண வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே எழுதி வைத்தது. பூசைக்கு வராதவர்களைப் பற்றி அது சொல்கிறது என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். தினமும் பூசைக்குப் போகிற எனக்குச் சொன்னது என்று ஆச்சி செத்த பிறகுதான் உறைத்தது. நம்மில் வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு ஒருநாள் வராததற்குச் சம்பளம் பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பெயருக்கு நேராக நான் ஒருநாளும் சிவப்பு மையைத் தொட்டதில்லை. வரி ஒழுங்காக வந்துவிடுகிறதே.

ஆகையால் கேட்கிறேன். சாவு வீட்டுக்கு நோட்டு வரவே கூடாது. மணியும் பெட்டி வண்டியும் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடமும் ஞானஸ்நானம் பெற்ற எல்லோருக்கும் கேள்வி கேட்காமல் உண்டு என்று பேரவை தீர்மானம் போட்டு, கோயில் கதவில் ஒட்ட வேண்டும். கட்ட முடியாதவர் பெயரை அன்பியத்தில் உரக்க வாசிக்கிற பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். முடியாதவருடைய பங்கை முடிந்தவர்கள் சத்தமில்லாமல் போட்டுவிடலாம், ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சொன்னால் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். திருவிழாவுக்கு எத்தனை செட் மேளம், எத்தனை அடி சீரியல் லைட் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அதில் ஒரு செட்டைக் குறைத்தால் எத்தனை பெயரில் சிவப்பு மை போகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டத்தை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினால் பீடிக்காரப் பெண்களும் வருவார்கள்.

எனக்கு வேறு ஒரு நோட்டு வேண்டும். எந்த வீட்டில் படுக்கையில் ஒருவர் கிடக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டது, யார் வீட்டு வாசலில் குழுக் கடன்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதுகிற நோட்டு. அன்பியம் என்றால் அதுதான் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது சொன்னார்கள். எதிர் வீட்டு அம்மாவுக்கு இப்போது யார் கஞ்சி ஊட்டுகிறார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? செவ்வாயும் வெள்ளியும் நான் போகிறேன். மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்த 4,300 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ரசீதின் அடிக்கட்டை என்னிடம் இருக்கிறது. ஐந்து பேரும் இன்னும் கம்பெனிக் கடையில் அந்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரவையிலிருந்து இரண்டு பேர் வந்தால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அதே திண்ணையில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் அன்பியத்தின் கணக்கு எழுதுகிறவள்